விலையை வைத்தவர் யார்? – கொக்கோவும் எங்கள் புகையிலையும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், காரைநகருக்குச் செல்வதற்காக ஊர்காவற்றுறை இறங்குதுறையில் காத்திருந்தேன். வாகனங்களையும் மனிதரையும் ஏற்றிக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்குமாக ஊர்ந்து திரியும் அந்த மிதவையை எங்களூரார் 'பாதை' என்றே அழைப்பர். பாதை அக்கரையில் நின்றது. உடன் வந்திருந்தவர் நெதர்லாந்து நாட்டில் வாழும் என் பெறாமகள். விடுமுறைக்கு வரும் புலம்பெயர்ந்த உறவினர் எவரும் பை நிறையச் சொக்லேற் கொண்டுவராமல் ஊர் மிதிப்பதில்லை. அவரும் கொண்டுவந்திருந்தார். வெயிலில் இளகத் தொடங்கியிருந்த ஒன்றை என்னிடம் நீட்டி, அதன் உறையில் நீலமும் பச்சையுமாக இருந்த வட்டக் குறியைச் சுட்டிக்காட்டினார்.

"பெரியப்பா, இது நியாய வணிகச் சொக்லேற். கொக்கோ செய்யிற கமக்காரருக்குச் சரியான விலை குடுத்து வாங்கினது."

அந்த வார்த்தைகளைக் கேட்டதும் நாற்பது ஆண்டுகளுக்கும் முன்னர் என் தந்தையார் கேட்ட ஒரு கேள்வி நினைவில் எழுந்தது. அக்கேள்வியை இறுதியிற் கூறுகிறேன். அதற்கு விடை தேடிச் சில மாதங்களாகப் படித்தவற்றையும், என் ஊரில் நான் கண்டவற்றையும் சேர்த்து எழுதியதே இக்கட்டுரை.

இரண்டு அம்ஸ்ரர்டாம்கள்

ஊர்காவற்றுறையை ஆங்கிலத்தில் 'கயிற்ஸ்' என்பர். துறைமுக மேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் இத்துறையில்தான் கப்பலேறின. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், எங்கள் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய தீவு லைடன் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நாங்கள் பாதைக்காகப் பார்த்து நின்ற அக்கரைக் காரைநகர், அவர்களின் வரைபடங்களில் அம்ஸ்ரர்டாம்.

உண்மையான அம்ஸ்ரர்டாம் இன்று உலகிலேயே மிகுதியான கொக்கோ வந்திறங்கும் துறைமுகம். நியாய வணிக முத்திரை பிறந்ததும் அந்த நாட்டிலேதான். 1988இல் மெக்சிக்கோ நாட்டுச் சிறு கமக்காரரின் கோப்பிக்கு முதன்முதலில் அந்த முத்திரை குத்தப்பட்டது. அதற்கு இடப்பட்ட பெயர் 'மாக்ஸ் ஹவலார்'. ஒல்லாந்தர் ஆட்சியில் யாவாத் தீவின் குடியானவர் பட்ட துயரைச் சொல்லி, 1860இல் வெளிவந்த நாவலின் பெயர் அது. குடியேற்ற வணிகத்தால் செழித்த நாடு, நூறாண்டுகளுக்கும் பின்னர் அதன் கணக்கைத் திருப்பிப் பார்க்க முற்பட்டது எனலாம்.

எங்கள் தீவகத்தில் கொக்கோ வளராது. அதற்கு நிழலும் ஈரமும் ஆழமான மண்ணும் வேண்டும். இங்கோ சுண்ணாம்புக் கல்லும் உவர்க் கிணறுகளும். இலங்கையில் 1869இல் தோன்றிய இலைநோயினால் கோப்பி அழிந்தபின் மாத்தளை, கண்டி, குருநாகல் பகுதிகளில் கொக்கோ பரவியது. இன்றும் அங்கே சிறு தோட்டங்களிலும் வீட்டு வளவுகளிலும் அதனைக் காணலாம். எனினும் கொக்கோக் கமக்காரனின் கதையை விளங்கிக்கொள்ள நான் மாத்தளைக்குச் செல்ல வேண்டியிருக்கவில்லை. என் தந்தையாரின் புகையிலைத் தோட்டமே போதுமாயிருந்தது.

ஒரே வகையான இரண்டு பயிர்கள்

கொக்கோக் காய் ஒன்றினுள் வெண்ணிறச் சதை போர்த்த முப்பது நாற்பது விதைகள் இருக்கும். காயை உடைத்து, விதைகளைக் குவித்து, வாழையிலையால் மூடி ஐந்தாறு நாட்கள் புளிக்க விடுவர். குவியல் தானாகவே சூடேறும். இடையிடையே கிளறிவிட வேண்டும். பின்னர் ஒரு வாரமளவில் வெயிலில் உலர்த்துவர். சொக்லேற்றின் மணம் தொழிற்சாலையில் வறுக்கும்போது வெளிப்படுகிறது என்றாலும், அம்மணத்துக்கான வித்து கமக்காரனின் முற்றத்திலேயே இடப்பட்டு விடுகிறது.

புகையிலையும் அவ்வாறே. மாரி மழை ஓய்ந்தபின் நாற்று நட்டு, துலா மிதித்து நீர் இறைத்து, ஆட்டெருவும் குழையும் தாழ்த்து, நுனி கிள்ளி, சித்திரை வெயிலில் வெட்டி எடுப்பதோடு வேலை முடிவதில்லை. வாட விட்டு, குடிலிற் கட்டித் தொங்கவிட்டு, தென்னம் பொச்சு மூட்டிப் புகை கொடுத்து, பிறகு அடுக்கி மூடிப் பாடம் போட வேண்டும். அடுக்கின் உள்ளே கையை நுழைத்துச் சூடு பார்க்கும் கலை என் தந்தையாருக்குக் கைவந்திருந்தது.

இவ்வளவு நுட்பமும் கமக்காரனுடையது. ஆனால் சரக்கு முற்றியதும் அவன் வலு குன்றிவிடுகிறான். புளித்து உலர்ந்த கொக்கோவும் பாடம் போட்ட புகையிலையும் அவனது வீட்டில் உணவாகா. வாங்குபவன் வந்தே தீர வேண்டும். வருபவன் எடுத்து முகர்ந்து பார்த்து, "ஈரம் கூட" என்று ஒரு சொல் சொன்னாற் போதும், விலை இறங்கிவிடும். அவன் கொண்டுவரும் தராசை ஐயுறவும் இயலாது. ஏனெனில் நடுகைக் காலத்தில் முற்பணம் தந்தவனும் அவனே.

சிறுவனாக அந்தக் காட்சியைப் பலமுறை கண்டிருக்கிறேன். வியாபாரி தராசைத் தூக்கிப் பிடிக்கையில் என் தந்தையார் முள்ளைப் பார்ப்பதில்லை, வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். கடன்பட்டவன் முள்ளைப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். ஈரத்துக்கென்றும் காம்புக்கென்றும் கழிவு போனபின் எஞ்சியதே எங்களுக்கான நிறை.

யாழ்ப்பாணப் புகையிலையின் பெருஞ் சந்தை மலையாள நாடு. ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்கு அது சென்றுகொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் திருவிதாங்கூர் அரசு புகையிலை வாணிபத்தைத் தன் ஏகபோகமாகவே வைத்திருந்தது. ஏகபோகம் நீங்கிய பின்னர் அதனிடத்தில் இறக்குமதித் தீர்வை வந்தமர்ந்தது. அங்கே தீர்வை ஏறினால் வேலணையில் ஒருவன் நகை அடைவு வைப்பான். ஊர்காவற்றுறையில் தோணியேறிய சிப்பங்கள் எந்த விலைக்குப் போயின என்பது, அவற்றைக் கட்டியவனுக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை.

ஒரு பத்திரிகையாளரும் ஒரு பார்திங்கும்

கொக்கோவின் வரலாற்றில் இந்த அறியாமையை உடைத்தவர் ஒரு பத்திரிகையாளர் என்பதில் எனக்குத் தொழில்முறைப் பெருமை உண்டு. ஹென்றி நெவின்சன் என்னும் ஆங்கிலேயர் 1904, 1905ஆம் ஆண்டுகளில் போர்த்துக்கேயரின் அங்கோலாவிலும் சாவோ தோமே தீவிலும் பயணம் செய்தார். ஒப்பந்தக் கூலிகள் என்ற பெயரில் மனிதர் அடிமைகளாகக் கொக்கோத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்படுவதையும், அவர்களுள் ஊர் திரும்புவோர் இல்லை என்பதையும் எழுதினார். 1906இல் அது நூலாகவும் வந்தது.

அத்தீவின் கொக்கோவை வாங்கியவர்களுள் கட்பரி நிறுவனமும் ஒன்று. அக்குடும்பத்தினர் குவேக்கர் சமயத்தவர். அடிமை முறையை எதிர்த்தவர்கள். தம் தொழிலாளருக்கு நல்ல வீடுகள் கட்டிக் கொடுத்தவர்கள். அடிமைத்தனம் பற்றிய செய்தி 1901இலேயே அவர்களை எட்டியிருந்தது. விசாரித்தனர், ஆளனுப்பிப் பார்த்தனர், அரசுடன் பேசினர். ஆனால் கொள்வனவை நிறுத்தியது 1909இல். இடைப்பட்ட காலத்தைச் சுட்டிக்காட்டி 'ஸ்ராண்டர்ட்' என்ற இலண்டன் நாளிதழ் 1908இல் கடுமையாக எழுதியது. கட்பரி மானநட்ட வழக்குத் தொடுத்தது. 1909 டிசம்பரில் பேர்மிங்ஹாமில் யூரிகள் தீர்ப்பளித்தனர். கட்பரிக்கே வெற்றி. நட்டஈடாக வழங்கப்பட்டதோ ஒரு பார்திங், அதாவது ஒரு பென்னியின் காற்பங்கு! வென்றவரும் தலை நிமிர முடியாத தீர்ப்பு அது.

இவ்வழக்கை நான் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நல்லவர் வாங்கினால் நல்ல விலை கிடைக்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு தளர்வானது என்பதை அது காட்டுகிறது. அந்நிறுவனம் பின்னர் மேற்கு ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டை, இன்றைய கானாவை, நாடியது. அங்கே அடிமைத் தோட்டங்கள் இல்லை. 1879 அளவில் தெற்றே குவாஷி என்னும் கொல்லர் பெர்னாண்டோ போ தீவிலிருந்து கொண்டுவந்த விதைகளிலிருந்து பரவிய பயிரை, சிறு கமக்காரர் தம் நிலத்தில் தாமே செய்தனர். 1911இல் அந்நாடு உலகின் முதலாவது கொக்கோ உற்பத்தி நாடாயிற்று.

அங்கும் தராசு வேறொருவர் கையில் இருந்தது. 1937இல் பத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பிய நிறுவனங்கள், தமக்குள் போட்டியிட்டு விலையை ஏற்றாமல் இருப்பதற்கு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. யுனைட்டட் ஆபிரிக்கா கொம்பனி அதில் முன்னின்றது, கட்பரியும் சேர்ந்திருந்தது. செய்தி கசிந்தது. கமக்காரர் கொக்கோவை விற்க மறுத்தனர், ஐரோப்பியக் கடைகளில் சாமான் வாங்கவும் மறுத்தனர். அறுவடை முற்றங்களிலேயே தேங்கியது. 1938 ஏப்ரல் வரையில் அவர்கள் அசையவில்லை. பிரித்தானிய அரசு நியமித்த நோவெல் விசாரணைக் குழு அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை. கூடினால் மறுக்கலாம் என்பதைக் கொக்கோக் கமக்காரர் அன்று கற்றனர்.

சங்கத்துத் தராசு

ஏறத்தாழ அதே 1930களில் யாழ்ப்பாணத்திலும் கமக்காரர் கூடினர். இலங்கையில் 1911இல் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலில் கடன் சங்கங்களாகத் தொடங்கிய கூட்டுறவு இயக்கம், மலையாளப் புகையிலையை விற்பதற்கென்றே ஒரு சங்கத்தை உருவாக்கியது. கமக்காரரின் இலையைப் பொறுப்பேற்று, தரம் பிரித்து, சிப்பங் கட்டி, அக்கரையிலே தானே விற்றது. இடையில் நின்றவரைத் தாண்டிச் சந்தையைத் தொட முனைந்த முயற்சி அது.

என் தந்தையாரும் அங்கத்தவரானார். 1950களின் தொடக்கத்தில் ஒரு நாள் அவரோடு மாட்டுவண்டிலில் ஏறிச் சங்கக் களஞ்சியத்துக்குச் சென்றது இன்றும் கண்ணில் நிற்கிறது. தராசு கூடத்தின் நடுவே தொங்கியது. நிறுத்தவர் நிறையை உரத்துச் சொன்னார், மற்றொருவர் ஏட்டில் எழுதினார். என் தந்தையார் முள்ளைப் பார்த்தார். கூர்ந்து, நெடுநேரம் பார்த்தார். பின்னர் தந்த பற்றுச்சீட்டை நான்காக மடித்து மடியிற் செருகிக்கொண்டார். அதில் எழுதிய தொகை பெரிதென்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று வீடு திரும்புகையில் அவர் வண்டிலோட்டிக்கு வாங்கிக் கொடுத்த சோடா எனக்கு நினைவிருக்கிறது.

சங்கத்தால் தராசைச் சீர்ப்படுத்த முடிந்தது. சந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. இந்தியா விடுதலை பெற்றபின் இறக்குமதித் தீர்வைகளும் கட்டுப்பாடுகளும் இறுகின. மலையாளச் சந்தை ஆண்டுக்காண்டு சுருங்கி, இறுதியில் எமக்கு மூடியது. தோணிகள் குறைந்தன. புகையிலை தென்னிலங்கைச் சுருட்டுக் கடைகளை நம்பி நின்றது. பலர் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் மாறினர். 1970 முதல் 1977 வரையில் இறக்குமதி தடுக்கப்பட்டிருந்தமையால் அப்பயிர்கள் யாழ்ப்பாணத்துக் கமக்காரனைத் தலை நிமிர வைத்தன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. இறக்குமதிச் சரக்கு வந்து குவிய, அந்த விலையும் சரிந்தது.

அப்பொழுது நான் கொழும்பில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தேன். புறக்கோட்டை மொத்த விலைகளை நாள்தோறும் தொகுத்துப் பக்கத்தில் இடுவது என் பொறுப்புகளுள் ஒன்று. 1978இல் ஊருக்கு வந்தபோது, விலைபோகாத மிளகாய்ச் சாக்குகளின் மீது அமர்ந்திருந்த என் தந்தையார் கேட்டார்:

"தம்பி, ஒவ்வொரு நாளும் பேப்பரிலை விலை போடுறாய். அந்த விலையை ஆர் வைச்சதெண்டு ஒரு நாளும் போடுறாயில்லையே?"

நான் விடை சொல்லவில்லை. கொழும்புக்குத் திரும்பி அதே பத்தியைத் தொடர்ந்து தொகுத்தேன். விலை கூறிய வியாபாரிகளைத் தொலைபேசியில் தினமும் அழைத்த நான், ஒரு கமக்காரனையேனும் கேட்டு எழுதியதில்லை. நெவின்சனைப் பற்றிப் பெருமை பேசும்போது இதனையும் ஒப்புக்கொள்வதே முறை.

முத்திரை எதைச் செய்தது?

இனிப் பெறாமகள் தந்த சொக்லேற்றுக்கு வருவோம். நியாய வணிக முறையின் அடிப்படை எளியது. உலகச் சந்தை விலை எவ்வளவு சரிந்தாலும், ஒரு குறைந்தபட்ச விலைக்குக் கீழ் வாங்கலாகாது. அதற்கு மேலாக, சங்கத்தின் பொதுத் தேவைகளுக்கென ஒரு தொகையும் செலுத்த வேண்டும். 2019 அக்டோபரில் கொக்கோவின் குறைந்தபட்ச விலை தொன்னுக்கு 2,000 அமெரிக்க டொலரிலிருந்து 2,400 ஆகவும், பொதுத் தொகை 200இலிருந்து 240 ஆகவும் உயர்த்தப்பட்டன. கிணறும் பாடசாலைக் கட்டடமும் அவ்வாறு எழுந்த ஊர்கள் பல உண்டு. ஆயினும் சங்கம் தன் விளைச்சல் முழுவதையும் அந்த முத்திரையுடன் விற்றுவிட முடிவதில்லை. முத்திரைச் சொக்லேற்றை வாங்குவோர் எத்தனை பேரோ, அத்தனைக்கே அந்த விலை. மீதி பழைய சந்தைக்கே போகும்.

என் மனத்தைத் தொட்டது முத்திரையைவிடக் கானாவின் ஒரு சங்கமே. அந்நாட்டில் 1947 முதல் அரச சந்தைச் சபையே கொக்கோவை வாங்கி வந்தது. 1990களின் தொடக்கத்தில் உள்ளூர்க் கொள்வனவு பிறருக்கும் திறக்கப்பட்டபோது, 1993இல் கமக்காரர் தாமே 'குவாப்பா கொக்கோ' என்ற சங்கத்தை அமைத்தனர். நல்ல கொக்கோக் கமக்காரன் என்பது அதன் பொருள். ஒவ்வோர் ஊரிலும் நிறுப்பவரை அங்கத்தவர்களே தெரிவு செய்தனர். அந்த ஏற்பாட்டைப் பற்றிப் படித்தபோது எங்கள் சங்கக் களஞ்சியத்தின் தராசு கண்முன் ஆடியது.

அவர்கள் எங்கள் சங்கத்தைவிட ஓரடி முன்னே சென்றனர். 1998இல் இலண்டனில் தொடங்கப்பட்ட, பின்னாளில் 'டிவைன்' எனப் பெயர் பெற்ற சொக்லேற் நிறுவனத்தின் பங்குதாரராயினர். 2006இல் மற்றொரு பங்குதாரர் தன் பங்குகளைக் கையளித்ததையடுத்து அவர்களின் பங்கு நூற்றுக்கு 45 ஆயிற்று. விதையை விற்பவன் சொக்லேற்றின் இலாபத்திலும் உரிமை கோரினான். ஆனால் 2020இல் ஒரு ஜேர்மன் நிறுவனம் டிவைனின் பெரும்பான்மைப் பங்குகளை ஏற்றபோது, கமக்காரரின் பங்கு நூற்றுக்கு 20 ஆகக் குறைந்தது. அவர்கள் இன்னும் மேசையில் இருக்கிறார்கள், ஆயினும் நாற்காலி சிறுத்துவிட்டது.

2024இல் நிகழ்ந்ததை வாசகர் செய்திகளிற் கண்டிருப்பர். மேற்கு ஆபிரிக்காவில் நோயும் காலநிலையும் விளைச்சலைத் தாக்க, கொக்கோ விலை தொன்னுக்கு 10,000 டொலரைத் தாண்டி, டிசம்பரில் 12,000ஐயும் தொட்டது. கானாவின் கமக்காரர் கைக்கு அந்த விலை வந்து சேரவில்லை. அரசு பருவத் தொடக்கத்திலேயே கொள்வனவு விலையை அறிவித்துவிடுகிறது. விளைச்சலின் பெரும்பகுதி முன்கூட்டியே விற்கப்பட்டும் விடுகிறது. போதாக்குறைக்கு, விலை ஏறிய அந்த வேளையில் விற்பதற்கு அவர்களிடம் விதையும் குறைவு. விலை சரியும்போது முதலில் அடிபடுகிறவன், ஏறும்போது கடைசியில் அறிகிறான்.

இவற்றையெல்லாம் அறிந்தபின் அந்த வட்டக் குறியை வெறும் விளம்பரம் என்று நான் ஒதுக்கிவிடவில்லை. கீழே விழாதபடி தாங்க ஒரு விலை இருப்பது சிறிய காரியமன்று. என் தந்தையாருக்கு 1978இல் அது இருந்திருந்தால் அந்தச் சாக்குகள் முற்றத்தில் உக்கிப் போயிருக்கமாட்டா. ஆனால் அதுவும் வாங்குவோர் நாட்டில் அமைந்த ஏற்பாடே. கமக்காரன் தானே நிறுத்து, தானே களஞ்சியப்படுத்தி, வேண்டாம் என்று மறுத்துச் சில மாதம் தாக்குப்பிடிக்கும் வலுவைப் பெற்ற இடங்களிலேதான் விலை அவனைக் கேட்டு வைக்கப்பட்டிருக்கிறது. 1937இன் கோல்ட் கோஸ்ட்டும் எங்கள் சங்கக் களஞ்சியமும் எனக்கு உணர்த்துவது இதுவே. அதனாற்றான் உறையில் உள்ள முத்திரையோடு நில்லாமல், அந்த விதையை நிறுத்த தராசு யாருடையது என்பதையும் நாம் கேட்க வேண்டும் என்கிறேன்.

பாதை இக்கரைக்கு வந்து சேர்ந்தபோது சொக்லேற் முற்றாக இளகியிருந்தது. பெறாமகளும் நானும் விரலால் வழித்து உண்டோம். தந்தையாரின் கேள்வியை அவரிடம் கூறினேன். "அப்பப்பாவின்ர அந்தப் பற்றுச்சீட்டு இப்ப எங்கை?" என்று கேட்டார். 1990களின் தொடக்கத்தில் போரினால் தீவகம் காலியானபோது, வீட்டோடு அதுவும் போயிற்று.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். புகையிலைச் சங்கத்தின் பற்றுச்சீட்டு, கணக்கேடு, அங்கத்தவர் புத்தகம், களஞ்சியத்தின் நிழற்படம் என எதுவேனும் உங்கள் வீட்டுப் பெட்டகங்களில், கனடாவிலோ இலண்டனிலோ கொழும்பிலோ, எஞ்சியிருந்தால் தயைகூர்ந்து தெரிவியுங்கள். கொக்கோக் கமக்காரனின் கதையை எழுத உலகெங்கும் நூல்கள் உண்டு. எங்கள் கமக்காரன் என்ன நிறைக்கு என்ன விலை பெற்றான் என்பதைச் சொல்ல அந்தத் துண்டுக் கடதாசிகளை விட்டால் வேறில்லை.